மாப்பிள்ளை செய்து கொடுத்த அந்தி

அன்பும் அதைவிட அதிகமாகப் பொறுமையும் கொண்ட மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் என் பொறுப்பிலுள்ள வௌவால்களும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருக்க வேண்டும்.

எங்கள் மிருகக்காட்சிசாலையில் இரவுப் பிராணிகள் இருக்கும் இருட்டுக் கூடத்தில் நீங்கள் மாட்டிவிட்டுப் போன கருவிகளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்களுக்கு முன்னால் அங்கே சூரியன் நான்தான். சுவிட்சை ஒரு தட்டு தட்டினால் பகல், இன்னொரு தட்டுக்கு இரவு. பாவம், பிராணிகள் திடுக்கிட்டுப் போகும். இப்போதோ வெளிச்சம் சத்தமில்லாமல் நழுவிப் போகிறது, முள்ளம்பன்றி நிதானமாகச் சோம்பல் முறிக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்குத்தான் இன்னும் பழகவில்லை. ஒருத்தர் தன் மனைவி என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு வௌவால் கூண்டு வரைக்கும் வந்துவிட்டார், "உன் கை ஏன் இப்படிச் சொரசொரன்னு இருக்கு"ன்னு வேற கேட்டாரு, நான் பதில் சொன்னதும் போட்டாரே ஒரு அலறல்!

ஆனா நம்ம தேவாங்கு மட்டும் பொந்தை விட்டு வரலை. சாப்பாடு குறைஞ்சு எலும்பும் தோலுமா ஆயிடுச்சு. இப்படியே போனா வேற ஊருக்கு அனுப்பிடுவோம்னு டாக்டரம்மா சொல்லவும் எனக்கு உசுரே போயிடுச்சு. அப்புறம்தான் உங்க கேமரா, இருட்டுலயும் உடம்புச் சூட்டை வெச்சுப் படம் பிடிக்குமே, அதைப் போட்டுப் பார்த்தோம். நல்லா வெளியே வந்து உலாத்துது! யாரோ ஒரு ஆள் வந்து நிக்கவும் உள்ளே ஓடுது. எவன்டா அந்தப் பாவின்னு கத்தினேன். டாக்டரம்மா படத்தைப் பெரிசாக்கினாங்க. தொப்பையைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, நான்தான். "அது வெளியே வந்துச்சான்னு நீங்க டார்ச் அடிச்சு அடிச்சுப் பார்த்தா எப்படிண்ணே வரும்?"னு கேட்டு டார்ச்சைப் பிடுங்கிக்கிட்டாங்க.

அன்றிலிருந்து பக்கத்து அறையில் உட்கார்ந்து திரையில்தான் பார்க்கிறேன். நீங்கள் மாட்டிய தீனிப் பெட்டி நேரம் காலம் இல்லாமல் தானாகத் திறந்து வெட்டுக்கிளியை விடுகிறதா, நம்ம ஆள் கிளையில் தலைகீழாகத் தொங்கி, ரெண்டு கையையும் நீட்டி, லபக்! இத்தனை வருஷம் தீனி போட்டிருக்கிறேன், அது வேட்டையாடி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மாப்பிள்ளை. எடையும் ஏறுகிறது. ஊர் மாற்றும் பேச்சே இப்போது இல்லை.

நீங்கள் இருவரும் நல்ல வெளிச்சத்திலும், வேண்டியபோது நல்ல இருட்டிலும் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

மாமா

பின்குறிப்பு: வெட்டுக்கிளியைப் பிடித்த கையோடு அது ஏன் பொந்துக்குள் பாய்கிறது என்று டாக்டரம்மா மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். இன்று கண்டுபிடித்துவிட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கை தட்டுகிறேனாம். திரையை எங்கள் வீட்டுக்கு மாற்றிக் கொடுங்கள், மாப்பிள்ளை. அங்கே நான் கை தட்டினால் உங்கள் அத்தை மட்டும்தான் ஓடுவாள்.