அலுமாரிக்குள் படுத்திருந்த மாடு

கல்யாணமான புதிதில், கணவனுக்கு ஒத்தாசை செய்ய வேண்டும் என்ற ஆசை எல்லாப் பெண்களுக்கும் வரும். கொஞ்ச காலத்தில் அது தானாகவே குணமாகிவிடும். எனக்குக் குணமாவதற்குள் ஓர் அலுமாரிக் கதவு போய்விட்டது.

என் வீட்டுக்காரர் தச்சர். அடுத்தவர் பட்டறையில் கூலிக்கு இழைத்துக்கொண்டிருந்தவர், அப்போதுதான் அட்டனில் சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார். முதல் வேலையே பெரிய வேலை. திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டில், மகள் கல்யாணத்துக்கு அலுமாரி கேட்டிருந்தார்கள். இது நன்றாக அமைந்தால் சுற்றுவட்டாரக் கல்யாணமெல்லாம் எங்கள் கொட்டகை வழியாகத்தான் நடக்கும் என்று அவர் நம்பினார். அமையாவிட்டால் மறுபடி கூலிதான்.

கதவுக்குக் கொழும்பிலிருந்து பிளைவுட் வந்தது. தேயிலைப் பெட்டிக்கு அடிக்கிற மொட்டைப் பலகை அல்ல. தேக்கை வெங்காயத் தோல் போலச் சீவி மேலே ஒட்டிய பலகை. (வெங்காயத் தோல் சமாசாரம் எனக்குப் பிறகுதான் தெரியும். முழுத் தேக்கு என்றே நினைத்திருந்தேன்.)

கீலும் பூட்டும் வாங்கக் கண்டிக்குப் புறப்பட்டவர், பஸ்ஸுக்கு ஓடும்போதே, "கதவ மட்டும் தொட்டுறாத புள்ள, வந்து நானே தேச்சுக்கிறேன்" என்றார். என் கை நோகக் கூடாது என்ற பாசத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இருந்ததிலேயே முரடான உப்புத்தாளை எடுத்தேன். பிறந்த இடமான அக்கரப்பத்தனைத் தோட்டத்து லயத்து வீட்டில், அடிப்பிடித்த சட்டி தேய்ப்பதில் பேர் வாங்கியவள் நான். குறுக்காகவும் வட்டமாகவும் தேய்த்தேன். நடுவில் வெளுப்பாக ஒன்று தெரிந்தது. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். அழுக்கு பெரிதாகிக்கொண்டே போனது. மேலிருந்து கீழாக ஓடிய மரத்தின் ரேகை அந்த இடத்தில் மட்டும் பக்கவாட்டில் ஓடியது. மேல் தோல் போய் அடிப்பலகை தெரிகிறது என்று அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

சாயம் பூசினால் மறைந்துவிடும் என்று தோன்றியது. பூசினேன். தோல் போன இடம் சாயத்தைக் கருகருவென்று குடித்தது. பசை மிச்சமிருந்த இடங்கள் குடிக்கவே மாட்டோம் என்று வெள்ளையாக நின்றன. இன்னொரு பூச்சுப் பூசிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். கதவின் நடுவில், வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு கறுப்பு மாடு படுத்திருந்தது. கொம்புகூட இருந்தது.

கண்டியிலிருந்து வந்தவர் பூட்டைக் கீழே வைத்தார்.

"என்ன புள்ள இது?"

"மாடுங்க."

இழைத்த மரச்சுருள் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. நான் அழ ஆரம்பித்ததும், "கதவுல கண்ணீர் படாம அந்தாண்ட நின்னு அழு" என்றார். "இன்னொரு பலகை வந்து சேர்றதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குப் புள்ளையே பொறந்துரும்."

கடைசியில் கதவைத் திருப்பிப் போட்டார். பின்பக்கத்திலும் தோல் ஒட்டியிருந்தது, சற்று மட்டமான தோல். மரக்கட்டையில் மெல்லிய தாளைச் சுற்றி, ரேகையோடு போய், குழந்தைக்கு எண்ணெய் தடவுவதுபோல் தேய்த்தார். என்னைக் கொட்டகைக்கு வெளியே நிற்க வைத்திருந்தார்.

கிளாக்கர் வீட்டம்மா அலுமாரியைப் பார்க்க வந்தார். வெளிப்பக்கத்தைத் தடவி, "கண்ணாடியாட்டம் இருக்கே தம்பி!" என்றார். எங்களுக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடி கதவைத் திறந்தார். மூச்சு நின்றது.

"இது என்னா தம்பி?"

"மாடுங்கம்மா" என்றார் இவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"அலுமாரிக்குள்ள மாடு எதுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். மறுபடி கூலிக்குப் போகிற முகம் அது. என் வாய் தானாகத் திறந்தது.

"பொண்ணு அலுமாரிக்குள்ள மாடு படுத்திருந்தா, போற வீட்டுல பாலுக்குக் கொறையே வராதுங்கம்மா. எங்க தோட்டத்துல அப்பிடித்தான்."

அந்த அம்மா மாட்டை உற்றுப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தப்பித்தோம் என்றுதான் நினைத்தோம். கல்யாணம் முடிந்த கையோடு, உடப்புசல்லாவையிலிருந்து ஒரு கணக்கப்பிள்ளை வீட்டம்மா வந்து இறங்கினார். "எங்களுக்கும் உள்ளுக்குள்ள மாடு வேணும்."

நல்ல பலகையை, இம்முறை வேண்டுமென்றே, நான் கெடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். உயிரைக் கொடுத்துத் தேய்த்தேன். மாடு வரவில்லை. வாய் அகன்று, அடி சிறுத்து, என்னவென்றே சொல்ல முடியாத ஒன்று வந்தது.

"மாடு மாதிரி இல்லியே?" என்றார் அந்த அம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள், அந்தப் பொய் தெரியாத மனிதர் சொன்னார்: "கொழுந்துக் கூடைங்கம்மா. தோட்டத்து உத்தியோகத்துக்கு மாட்ட விட இதுதான் விசேஷம்."

அந்த அம்மாவும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாரும் தப்பை ஒளிப்பதில்லை. மகன் புது வேனை மதிலில் இடித்தான். பேத்தி சட்டைக்கு இஸ்திரி போட்டுத் தீய்த்தாள். என்ன இது என்று கேட்டால், நிமிர்ந்து நின்று, கை கட்டிக்கொண்டு, ஒரே பதில்தான்.

"மாடுங்கம்மா."