ஓட்டு பற்றரி வரட்டும்

காட்டோரத்தில் யானையைக் கண்டால் விலகலாம். கரடியைக் கண்டால் ஓடலாம். 'வரட்டும்'காரரைக் கண்டால் என்ன செய்வீர்கள்? ஒன்றும் செய்ய இயலாது. கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு இருத்தி, உலகத்துக்கு இனி வரப்போவதையெல்லாம் சொல்லி முடிக்காமல் விடமாட்டார்.

இவ்வினத்தாரைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். பழுதானதைத் திருத்துவதுதான் இவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். உலகின் ஏதோ ஒரு மூலையில் யாரோ அதைவிட நல்லது ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது, கையிலிருக்கும் ஓட்டை உடைசலோடு மல்லுக்கட்டுவது புத்தியுள்ளவன் செய்கிற வேலையா? ஆகவே சைக்கிளுக்குப் பிறேக் இல்லை, அலுமாரிக்குப் பூட்டு இல்லை, மணிக்கூட்டுக்கு முள் இல்லை. எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றுதான். வரட்டும்.

பரந்தன் குடியேற்றத் திட்டத்துச் சிற்றம்பலம் இவ்வினத்தில் முற்றி விளைந்தவர். போன மாசியில் அவர் கிணற்றடி இறைப்பு மெசின் நின்றுபோனது. குழாயின் அடியில் கிடக்கும் தோல் வளையம், அதுதான் வாசர், தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். வவுனியாவுக்கு ஒருமுறை பஸ் ஏறினால் சரி. மனைவி விமலேஸ்வரியின் நானூறு மிளகாய்க் கன்றுகளும் அப்போதுதான் பூத்துக்கொண்டிருந்தன. இன்னும் நாலு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் பூவெல்லாம் கொட்டிவிடும்.

துரதிர்ஷ்டம், அதே வாரம் யாரோ படித்துவிட்டுக் கொடுத்த இங்கிலீசுச் சஞ்சிகை ஒன்று சிற்றம்பலத்தின் கையில் அகப்பட்டது. அமெரிக்காவில் பீங்கான் ஓடு மாதிரி ஒன்றைச் செய்கிறார்களாம். அதைச் செக்கச்செவேலென்று சூடாக்கி, ஒரு பக்கம் காற்றும் மறுபக்கம் எரிவாயுவும் விட்டால் மின்சாரம் வருமாம். புகையில்லை, சத்தமில்லை. மறுவளமாக ஓட்டினால் மிச்ச மின்சாரத்தை வாயுவாக்கிச் சேமித்தும் வைக்கலாமாம்.

"ஓட்டு பற்றரி" என்று அதற்குப் பெயரும் வைத்தார். "மாட்டுச் சாணத்திலையே வாயு இருக்கு. இனி உந்த மெசின் எங்களுக்கு என்னத்துக்கு?"

"இஞ்சருங்கோ, வாசர் ஒண்டு வாங்கினால் போதும்," என்றாள் விமலேஸ்வரி.

"வரப்போறது தெரிஞ்சுகொண்டு பழசுக்கு வாசர் போடுறதே? வரட்டும்."

காத்திருக்கும் நேரத்தில் பரிசோதனை. குசினிக் கூரையிலிருந்து ஓர் ஓட்டைக் கழற்றினார். அடுப்பில் வைத்தார். இரு பக்கமும் கம்பி முறுக்கி, ரோச் லைற் பல்ப் ஒன்றைத் தொங்கவிட்டார். மூன்று நாளாக அடுப்பு ஓட்டுக்கே சொந்தம், வீட்டில் கடைப் பாணும் வெறுஞ்சம்பலும். விமலேஸ்வரி விடியத் தொடங்கி வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்றியதில் நூறு கன்றுக்கு மேல் கை ஓடவில்லை.

பக்கத்துக் காணி யோகநாதன் எட்டிப் பார்த்தார். "அண்ணை, பல்ப் பத்தேல்லையே."

"ஓடு முதல்ல ஒத்துக்கொள்ளவேணும்."

"எதை?"

"சூட்டை."

"அக்கா ஒத்துக்கொண்டாவோ?"

அக்கா வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சேலை மாற்றினாள்.

"எங்கை வெளிக்கிடுறாய்?"

"வவுனியாவுக்கு."

"அங்கை உது கிடையாது. அமெரிக்காவிலைதான்."

"நான் வாசருக்குப் போறன்."

பின்னேர பஸ்ஸில் திரும்பி வந்தாள். யோகநாதன் கிணற்றுக்குள் இறங்கி வாசரைப் பூட்டினார். மெசின் இரண்டுதரம் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. பொழுதுபடுமுன் கடைசி வரிசைக் கன்றுவரை தண்ணீர் ஓடியது. பூ தப்பியது.

சிற்றம்பலம் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். "சத்தத்தைக் கேட்டியே? அது வந்தால் பூனை நடந்த மாதிரி இருக்கும்."

"வரேக்கை வரட்டும். இப்ப ஓட்டைக் கொண்டுபோய்க் கூரையிலை வையுங்கோ. சமைக்கவேணும்."

ஓடு அடுப்புக்குள் இரண்டாகப் பிளந்து கிடந்தது. சிற்றம்பலம் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஓட்டை வழியே ஒரு வெள்ளி தெரிந்தது.

"ஒழுகாத கூரை ஒண்டு பிளாஸ்ரிக்கிலை செய்யிறாங்களாம்," என்றார் மெதுவாக.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பின்கதவில், தாழ்ப்பாள் கழன்ற அன்றைக்கு 'இப்போதைக்கு' என்று ஒரு சணல் கயிறு கட்டினீர்களே, அது இன்னும் அங்கேதானே இருக்கிறது? எது வருமென்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?