விருந்தில் தின்ற மூன்றாவது பட்டை

விமானப்படையில் திறமைக்குத்தான் பதவி உயர்வு என்று நம்புகிறவர்கள், அதில் ஒரு நாள்கூட வேலை பார்க்காதவர்கள். பரீட்சை பாஸாக வேண்டும், வருடாந்திர ரிப்போர்ட் நன்றாக இருக்க வேண்டும், சீனியாரிட்டியில் முறை வர வேண்டும், இடம் காலியாக வேண்டும். நான்கும் எனக்கு அமைந்தன. ஐந்தாவது, மெடிக்கல் டெஸ்ட். அதை நான் மதிக்கவே இல்லை (திமிர்தான், வேறென்ன).

அப்போது தாம்பரத்தில் கார்ப்பரல். கையில் இரண்டு பட்டை. படப்பையில் பெண் எடுத்தேன். "ரெண்டே மாசம் மாமா, மூணாவது பட்டை வந்துடும். சார்ஜென்ட்!" என்று மாமனாரிடம் அளந்துவிட்டேன். அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அப்புறம் மாப்பிள்ளை விருந்து. மாமனாரின் பங்காளிகள் வீடு வீடாக இலை போட்டார்கள்.

"இன்னா சார்ஜென்ட் மாப்ள, கோழி மாதிரி கொறிச்சிகினு கீறீங்க? நல்லா துன்னுங்க!" என்பார் சின்ன மாமனார். வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வார்களாம். நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

மெடிக்கலில் டாக்டர் எடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பதினோரு கிலோ அதிகம். கேட்டகரி இறங்குது."

கேட்டகரி இறங்கினால் பதவி உயர்வு கிடையாது. "புது மாப்பிள்ளை சார்…" என்று இழுத்தேன்.

"கங்கிராட்ஸ்" என்று சொல்லிக்கொண்டே எழுதிவிட்டார்.

ஆர்டரில் என் பெயர் இல்லை. நான் வேலை கற்றுக்கொடுத்த ஜூனியர் மகேந்திரன் பெயர் இருந்தது. வீட்டில் மூச்சு விடவில்லை. அடுத்த ஞாயிறு மாமனார் வைத்த விருந்துக்கு அவனும் மனைவியோடு வந்திருந்தான்.

"தம்பி, நீங்க எப்ப எங்க மாப்ள மாதிரி சார்ஜென்ட் ஆவப்போறீங்க?" என்றார் மாமனார்.

மகேந்திரன் என்னைப் பார்த்தான். "அண்ணன்தான் சார் எனக்கு வேலையே கத்துக்கொடுத்தாரு" என்று சமாளித்தான். நல்லவன். அதுதான் அதிகமாக எரிந்தது.

அவன் மனைவிக்கு விஷயம் புரியவில்லை. "இவரு போன வாரமே ஆயிட்டாரே! அண்ணனுக்குத்தான் வெயிட்டுன்னு நின்னுபோச்சு."

மாமனார் என் இலைக்கு வந்துகொண்டிருந்த வடையை அவன் இலையில் வைத்தார்.

எடை பிறகு குறைந்தது. போன சீனியாரிட்டி திரும்பவில்லை. அவனை "சார்" என்று கூப்பிட்டே என் சர்வீஸ் முடிந்தது. அவன் என்னைவிட இரண்டு படி மேலே ஓய்வு பெற்றான்.

போன மாதம் என் மகளுக்கு ஆபீஸில் பதவி உயர்வு. எதிர் ஃபிளாட்காரர் வாழ்த்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது. "லெட்டர் கைக்கு வர்ற வரைக்கும் அப்பா காதுல போட்டுடாதம்மா" என்று அவளே என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். அம்மாவும் மகளும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் கூடவே சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.