மிஸ் ரூத்தின் அத்தை மேல் விழுந்தேன்

ஒரு தடவை மேடையில் கைதட்டல் வாங்கியவனை நம்பி எந்தக் காரியத்திலும் இறங்கக் கூடாது. எதையும் பேசியே முடித்துவிடலாம் என்று நினைப்பான். தொண்ணூறுகளில் அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்துக் கேட்டி என்ற ஊரில் நான் அப்படித்தான் திரிந்தேன். (தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் நன்றியுரை சொன்ன மிதப்பு.)

எங்கள் வேலிக்குப் பின்னால் புல் மண்டிய ஒரு துண்டு நிலம். அந்த வட்டாரத்துக்கு முதலில் வந்து உழுது பிழைத்த குடும்பங்கள் இறந்தவர்களை அங்கேதான் புதைத்தார்கள் என்பார் பக்கத்து வீட்டு மிஸ் ரூத். அவருக்கு எண்பது வயது. அவருடைய அப்பாவின் அக்கா கிளாரா, கைக்குழந்தையாகவே இறந்து அங்கே அடக்கமானவள். ஆனால் வெளியே ஒரு கல்கூடத் தெரியவில்லை. நிலத்தை வாங்கிய வீடு கட்டும் கம்பெனியின் வக்கீல், "கல் இல்லேன்னா கல்லறை இல்லே" என்று முடித்துவிட்டார்.

அடையாளமில்லாத கல்லறைகளையும் காக்கச் சட்டம் வேண்டும் என்று மிஸ் ரூத் போகாத கூட்டம் இல்லை. கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அதிகாரி கம்பெனி வக்கீலோடு நிலத்தைப் பார்க்க வந்த அன்று என்னிடம், "எனக்குப் பேசினா அழுகை வந்துடும். நீ பேசு" என்றார்.

"ஏனுங்க, மழை பெஞ்சு கெடக்குது. பழைய ஷூவைப் போட்டுட்டுப் போங்க" என்றாள் என் மனைவி வசந்தா. நான் கல்யாணக் கோட்டும் புது ஷூவுமாகக் கிளம்பினேன்.

"இந்த மண்ணுக்குக் கீழே..." என்று கையை உயர்த்தி, எல்லோரும் என்னைப் பார்க்கட்டும் என்று இரண்டு அடி பின்னால் நகர்ந்தேன். மண் உள்வாங்கியது. வலது கால் தொடைவரை இறங்கி, எதன்மீதோ மோதி, கணுக்காலில் 'மடக்'கென்றது.

அதிகாரியும் வக்கீலும் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னை வெளியே இழுத்துப் போட்டார்கள். குழிக்குள் ஒரு கல்லின் முனை தெரிந்தது. மிஸ் ரூத் சேற்றில் மண்டியிட்டு, குனிந்து கையாலேயே துடைத்தார். அதில் பொறித்திருந்த பெயர், கிளாரா.

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். வக்கீல் தலை குனிந்து நின்றார். "எங்க அப்பா சாகிறவரைக்கும் இவளைத் தேடினார்" என்றார் மிஸ் ரூத். உயிர் போகிற வலி எனக்கு. ஆனாலும் அந்த இடத்தில் முனகக் கூச்சமாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து மாவுக்கட்டோடு வந்தவனை வசந்தா வாசலிலேயே நிறுத்தினாள். "தலைக்குத் தண்ணி ஊத்தாம உள்ள உடமாட்டேனுங்க." கட்டுக்குக் குப்பைப் பையைச் சுற்றி, தோட்டத்து ஹோஸ் குழாயால், கார் நிறுத்தும் டிரைவ்வேயிலேயே குளிப்பாட்டினாள். தெருவே பார்த்தது.

பிறகு மிஸ் ரூத் என்னை மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்கு, சட்டசபைக் கமிட்டி முன்னால் கூட்டிப்போனார். காரில் நான் உரையை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அவர் எழுந்து, "இவர்தான் என் அத்தை மேல விழுந்தவர்" என்று ஊன்றுகோல்களோடு நின்ற என்னைக் காட்டிவிட்டு, "நீ உக்காரு" என்றார். அன்று அவரே பேசினார். அழவில்லை.

கேட்ட சட்டம் உடனே வந்துவிடவில்லை. கிளாராவும் அவளோடு கிடந்தவர்களும் மட்டும் தப்பித்தார்கள்; கம்பெனியே சுற்றி வேலி போட்டது.

இன்றைக்கும் வீட்டில் ஏதாவது வாக்குவாதம் வந்து நான் ஆதாரம் கேட்டால், என் மகள் சொல்வாள்: "டாட், ஜஸ்ட் டேக் டூ ஸ்டெப்ஸ் பேக்."