புதிதாகத் தென்படுவது

“ஏனுங்க, ‘இல்லை’ன்னு எழுதிப்போட்டு எந்திரிச்சு வாங்க. தோசை ஆறுதுங்க” என்றாள் வரலட்சுமி.

லட்சுமிநாராயணன் எழுதவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. சாப்பாட்டு மேசையில் இரண்டு படங்களை அருகருகே வைத்துக்கொண்டு, துணியில் இழை எண்ணும் லென்ஸைக் கண்ணில் அழுத்தியபடி குனிந்திருந்தார். வெள்ளைத் தாள் நிறையக் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நட்சத்திரம். வானத்தை நெகட்டிவாகவே அச்சடித்தால் இப்படித்தான் இருக்கும் என்று கூட வந்த கடிதம் சொன்னது.

வானியல் ஆய்வுக்கூடத்தில் படங்கள் மலையாகக் குவிந்துவிட்டன, பார்க்க ஆள் போதவில்லை. அதனால் பேப்பரில் விளம்பரம் கொடுத்துத் தொண்டர்களைச் சேர்த்திருந்தார்கள். கோயமுத்தூரில் மட்டும் அறுபது பேர். ‘ஒரே வானப் பகுதியின் இரண்டு படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. முதல் படத்தில் இல்லாத புள்ளி இரண்டாவதில் ஏதேனும் தென்பட்டால், அதில் குறியிட்டு, கூட உள்ள படிவத்தையும் நிரப்பி, ஞாயிறு காலை நேரில் தரவும். திறமையாகப் பார்ப்பவர்கள் ஆய்வுக்கூடத்தின் பெரிய தொலைநோக்கியில் வானம் பார்க்க அழைத்துச் செல்லப்படுவார்கள்.’

இந்தக் கடைசி வரியை அவர் பத்துத் தடவையாவது படித்திருப்பார். எண்பத்தாறில் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது அவருக்கு மில்லில் நைட் ஷிப்ட். அடுத்தது எப்போது என்று விசாரித்தார். எழுபத்தாறு வருஷம் பொறுக்க வேண்டும் என்றார்கள். அந்த ஏக்கம் பத்து வருஷமாகியும் தீரவில்லை. பெரிய தொலைநோக்கியில் ஒரே ஒரு முறை கண்ணை வைத்துவிட்டால் போதும், அப்புறம் ரிட்டயர் ஆனாலும் கவலையில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினோரு நாளாகப் பார்க்கிறார். முதல் படத்தில் முன்னூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள். இரண்டாவதிலும் முன்னூற்றுப் பன்னிரண்டு. இன்று சனிக்கிழமை.

“இல்லைன்னா இல்லைங்க. அதிலென்ன வந்துது?” என்றாள் வரலட்சுமி.

“அதெப்படி அம்மணி? அத்தனை படிச்சவங்க நம்மள நம்பி அனுப்பியிருக்காங்க. மூஞ்சில அடிச்சாப்பல இல்லைன்னா மரியாதையா இருக்குமா?”

அவர் சுபாவம் அது. ஏணி இரவல் கேட்டு வந்தவரிடம்கூட, வீட்டில் ஏணியே இல்லாதபோதும், “பாத்துச் சொல்றனுங்க” என்றவர். போதாததற்கு மில்லில் இருபத்திரண்டு வருஷமாகத் தரம் பார்க்கும் வேலை. ‘குறை இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால், “பாத்தீங்களா, தூங்கினீங்களா?” என்று மேனேஜர் கேட்பார். அதனால் எந்தத் துணியானாலும் ஒரு முடிச்சாவது கண்டுபிடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

கடைசியாக ஒரு தடவை என்று லென்ஸை நகர்த்தினார். இரண்டாவது படத்தின் இடது ஓரத்தில் கன்னங்கரேலென்று ஒரு புள்ளி. முதல் படத்தில் அந்த இடம் வெறும் வெள்ளை. லென்ஸில் அது மினுமினுத்தது வேறு.

“வந்துருச்சு! வரலட்சுமி, வந்துருச்சு!”

அந்தச் சத்தத்துக்கு முதலில் வந்தது வரலட்சுமி அல்ல, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாச்சியம்மாளின் தலை.

“ஏனுங் தம்பி, ஆரு வந்தது?”

“புது நட்சத்திரமுங்கக்கா!”

“அப்படீங்களா! அதுக்கு எம்பட பேரையே வெக்கச் சொல்லிப்போடுங்க, புண்ணியமாப் போகும்” என்று சொல்லிவிட்டு நாச்சியம்மாள் மாவு மில்லுக்குக் கிளம்பினாள். அவள் மாவு அரைத்துத் திரும்புவதற்குள் காலனிச் சங்கத்தின் கரும்பலகையில் எழுதியாகிவிட்டது. ‘நமது காலனி திரு. லட்சுமிநாராயணன் புதிய நட்சத்திரம் கண்டுபிடிப்பு. நாளை காலை எட்டு மணிக்கு வழியனுப்பு விழா. அனைவரும் வருக.’

கரண்டியோடு வந்த வரலட்சுமி, படத்தின்மேல் குனிந்து மோந்து பார்த்தாள்.

“ஏனுங்க, இது கடுகுங்க. சட்னிக்குத் தாளிச்சப்பத் தெறிச்சிருக்குது.”

அவர் தடுப்பதற்குள் நகத்தால் ஒரு சுண்டு சுண்டினாள். நட்சத்திரம் தரையில் விழுந்து உருண்டது. அது இருந்த இடத்தில் எண்ணெய் மட்டும் ஊறி நின்றது.

“பவுடர் போட்டா எண்ணெய இழுத்துக்குமுங்க” என்று அவளே முகப் பவுடரையும் கொண்டுவந்தாள். லட்சுமிநாராயணன் தூவினார், தேய்த்தார், ஊதினார். எண்ணெய் போய்விட்டது. கூடவே பக்கத்தில் இருந்த இரண்டு நட்சத்திரங்களும் போய்விட்டன.

“முன்னூத்திப் பத்து” என்றார் ஈனக்குரலில்.

“அவங்க புதுசா வந்ததத்தானுங்களே கேட்டாங்க? தொலைஞ்சு போனதக் கேக்கலீங்களே.”

பெல் அடித்தது. காலனிச் சங்கத்துக்காரர்கள். நாளைக்கு வேன் ஏற்பாடு ஆகிவிட்டதாகவும், பதினான்கு பேர் கூட வருவதாகவும் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், “ரொம்ப சந்தோஷமுங்க” என்றார்.

கெட்டுப்போன படத்தை ஒளித்துவிட்டு, முதல் படத்தை எடுத்துக்கொண்டு அப்துல் மஜீதின் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார். இதை ஒரு காப்பி எடுத்து, அதையே இரண்டாவது படம் என்று கொடுத்துவிடுவது என்பது திட்டம். காப்பி வந்தது. லென்ஸை வைத்தவருக்கு வியர்த்தது.

“பாய், ஏழு புள்ளி சேர்ந்து வந்திருக்குதுங்க!”

“மெஷின் கண்ணாடியில கீறலுங்க” என்றார் மஜீத் சாவகாசமாக. “ரேஷன் கார்டு வெச்சாலும் ஏழு, கல்யாணப் பத்திரிகை வெச்சாலும் ஏழு.”

“தொடைச்சாப் போகாதுங்களா?”

“தொடைச்சதுலதானுங்க நாலு ஏழாச்சு.”

மஜீத் மேசையிலிருந்து வைட்னர் பாட்டிலை எடுத்து நீட்டினார். லட்சுமிநாராயணன் ஒவ்வொரு புள்ளியாக அழித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவதை அழித்ததும் அவர் கை நின்றுவிட்டது.

ஏழாவது புள்ளி அழகாக இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்று தோன்றியது. கரும்பலகை நினைவுக்கு வந்தது, வேன் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பெரிய தொலைநோக்கி நினைவுக்கு வந்தது. துணியில் அவர் கண்டுபிடித்த முடிச்சுகளாவது நிஜ முடிச்சுகள். இது பொய். வெட்கமாக இருந்தது.

“இன்னொண்ணு பாக்கி இருக்குதுங்களே” என்றார் மஜீத்.

“அது இருக்கட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் பாட்டிலை மூடினார்.

வைட்னர் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. “இதையே இன்னொரு காப்பி எடுத்தாத் தடம் தெரியாதுங்களே?”

“தெரியாதுங்க. ஆனா மறுபடி ஏழு உழுகும்.”

திட்டோடேயே வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் அந்தப் புள்ளியைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, படிவத்தில் ‘புதிதாகத் தென்படுவது’ என்ற இடத்தில் ‘ஒன்று’ என்று எழுதினார். வரலட்சுமி பார்த்தாள். வைட்னர் திட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அது அவரை இன்னும் வாட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கழுத்தில் மாலை போட்டு வேனில் ஏற்றினார்கள். பீளமேட்டில் படங்களை வாங்கிக்கொள்ளும் ஹாலில், மேசைக்குப் பின்னால் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் டீ குடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் இரண்டு கட்டுகள். ஒன்று நாலு விரல் உயரம். மற்றதில் மூன்றே தாள்கள். பதினான்கு பேர் முதுகுக்குப் பின்னால் நிற்க, மாலையைக்கூடக் கழற்றாமல் லட்சுமிநாராயணன் தன் தாளை நீட்டினார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார்.

உதவியாளர் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படிவத்தில் இருந்த ‘ஒன்று’ என்பதை மட்டும் படித்துவிட்டு, பெரிய கட்டின்மேல் வைத்தார்.

லட்சுமிநாராயணனுக்கு மூச்சு வந்தது. தைரியமும் வந்தது. “ஏனுங்க, எம்பட நட்சத்திரத்துக்கு என்ன பேரு வெப்பீங்க?” என்று நாச்சியம்மாளின் சார்பாகக் கேட்டார்.

உதவியாளர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“மொதத் தடவ எல்லாருக்கும் ஒரே படத்தத்தானுங்க ரெண்டு காப்பி போட்டு அனுப்பறது, ‘இல்லை’ன்னு எழுதுன இந்த மூணு பேருதான் டெலஸ்கோப்புக்கு வாராங்க.”