வெற்றுத்தாள் பித்தர்

மேகத்தை அளக்க வருகிறவர்கள் இரண்டு ரகம். அளப்பவர்கள் ஒரு ரகம். அளக்கலாமா என்று பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவதைப் பார்த்ததில்லையா? பின்லாந்தின் வடக்கே, எங்கள் ஆய்வுக்கூடம் இருக்கும் குன்றின் உச்சிக்கு வாருங்கள். செருப்பை வெளியே விடுங்கள். உள்ளே ரெய்யோ இருக்கிறார்.

மேகத்துத் தண்ணீர் லேசில் உறையாது ஐயா. மைனஸ் இருபதிலும் தண்ணீராகவே இருந்து அழிச்சாட்டியம் பண்ணும். ஒரு தூசோ மகரந்தமோ கிருமியோ உள்ளே புகுந்தால்தான் பனிக்கட்டியாகும். அந்தத் தூசை வடிதாளில் பிடித்து, சுத்தமான நீரில் அலசி, அந்த நீரைச் சொட்டுச் சொட்டாகக் குளிர்தட்டில் வைத்து, எத்தனை டிகிரியில் உறைகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. கூடவே, காற்றே படாத ஒரு வெற்றுத்தாளையும் அலசிப் பார்க்க வேண்டும். அழுக்கு மேகத்துடையதா, நம்முடையதா என்று தெரிய. பத்துக்கு ஒன்று போதும். ரெய்யோவுக்குப் போதுமா?

தாளுக்கு ஒரு சோதனை, தாளைத் தூக்கிய இடுக்கிக்கு ஒன்று, இடுக்கியைத் துடைத்த துணிக்கு ஒன்று. ஒருநாள் வெற்றுத்தாளின் நீர் மைனஸ் ஏழிலேயே உறைந்து தொலைத்தது. அவ்வளவுதான், என் ரை ரொட்டியின் மேல் பழி, ஆராய்ச்சி மாணவி கைஸுவின் முகப்பூச்சின் மேல் பழி, போன செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் போன துருவமானின் மேல் பழி. இடுக்கியைத் தொடுகிறவர்கள் முதலில் சவுனா என்கிற நீராவி அறையில் வெந்துவிட்டு வர வேண்டும் என்று சட்டம் போட்டார். வெந்தோம். தினம் இருமுறை.

கைஸுவுக்கு ஒரே ஒரு அக்டோபர் மேகம் சிக்கினால் பட்டம். இல்லாவிட்டால் இன்னொரு வருடம் எங்களோடு வேக வேண்டும். வந்தது மேகம், குன்றின் மேலேயே உட்கார்ந்தது. பெட்டியைத் திறந்தால் ஒரே ஒரு தாள்! மற்ற நூற்றுப் பத்தொன்பதும் சோதனைக்கே போயிருந்தன.

“போடுங்க ரெய்யோ, மேகம் போயிடும்!” என்றாள் கைஸு.

“இந்தத் தாள் சுத்தமான்னு பார்க்க வேணாமா?”

“பார்த்தா தாளே இருக்காதே!”

“சுத்தமா இருந்துச்சுன்னாவது தெரியும்ல?”

“ஏம்ப்பா, அந்தப் பொண்ணு அழுவுது,” என்றேன் நான்.

“தள்ளி நின்னு அழச் சொல்லு. கண்ணீர்ல என்னென்ன இருக்கோ!”

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர் அளந்துகொண்டே நின்றார், ஆறே போய்விட்டது. இரண்டு மணி நேரம் கழித்து, “மைனஸ் இருபத்தேழு! அப்பழுக்கில்ல!” என்று குதித்தார். வெளியே பளீரென்று வெயில். கைஸு துண்டை எடுத்துக்கொண்டு சவுனாவுக்கு நடந்தாள். அடுத்த வருடத்தை அப்போதே ஆரம்பித்துவிட்டாள்.

நல்லவேளை, நீங்கள் இந்த ரகமில்லை. எதற்கும் ஒருமுறை யோசித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறதா?

மாட்டிக்கொண்டீர்கள்.