மேனகாவுக்குப் பயந்து ஊமையான கதை

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. கபடி ஆடியவள் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எதிரணிக்குள் தனியாகப் புகுந்து வருகிறவளுக்கு என்ன பயம் என்பார்கள். (புகுந்த வேகத்தில் வெளியே ஓடி வந்ததே பயத்தில்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது.)

அப்போது கல்லூரி இரண்டாம் வருடம். திருவண்ணாமலையில் பெண்கள் கபடிப் போட்டி. இறுதி ஆட்டத்துக்குப் போகும் இரண்டு அணிகளிலிருந்துதான் மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பார்கள். எனக்கு அது உயிர்ப் பிரச்சினை. மாவட்ட அணியில் இடம் கிடைத்தால் இரண்டு வருடத்துக்குக் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். கிடைக்காவிட்டால் தை பிறந்ததும் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவாள்.

கடைசி லீக் ஆட்டத்துக்கு முன்பே நாங்கள் அரையிறுதிக்கு வந்துவிட்டோம். அங்கேதான் வினை. எங்கள் குழுவில் முதலிடம் பிடித்தால் அரையிறுதியில் கீழ்பென்னாத்தூர் அணி. இரண்டாமிடம் என்றால் செங்கம் பக்கத்திலிருந்து வந்த சின்னப் பெண்கள். வேன் பஞ்சராகி முதல் ஆட்டத்துக்கு வராததால்தான் கீழ்பென்னாத்தூர் அவர்கள் குழுவில் இரண்டாவதாக இருந்தது. வந்த பிறகு ஆடிய எல்லாரையும் துவைத்து எடுத்தது. துவைத்தவள் பெயர் மேனகா. கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டாள். அன்று காலை அவளிடம் சிக்கிய ஒரு பெண் நொண்டிக்கொண்டு போனதைப் பார்த்ததிலிருந்து என் கணுக்கால் இரண்டும் தானாக வலித்தன.

"இந்த மேட்ச்சத் தோத்துடலாம்டி," என்றாள் எங்கள் கேப்டன் சுமதி. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் வேண்டுமென்றே தோற்கிற அணியைப் போட்டியைவிட்டே வெளியேற்றுவோம் என்று ரெஃபரி காலையிலேயே மைக்கில் சொல்லியிருந்தார். ஆக, ஜெயிக்கவும் பயம், தோற்கவும் பயம்.

"நீ பாடிப் போறப்ப பாட்ட உட்டுடு. மூச்சு வாங்குதுனு நெனச்சுக்குவாங்க," என்றாள் சுமதி. கபடி கபடி என்று பாடுவது நடுவில் நின்றால் எதிரணிக்குப் புள்ளி. மூன்று முறை போனேன். மூன்று முறையும் பாதியில் வாயை மூடிக்கொண்டேன். நடிப்பு போதாதோ என்ற பயத்தில் கடைசி முறை மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து வேறு மூடினேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா வந்தாள். அவளுக்கு ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் சமையல் வேலை. அதுவரை என் ஆட்டத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டில் ஓயாமல் பேசுகிற மகள் வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை. அவள் கண்டது அவ்வளவுதான்.

"ஐயோ, எம்பொண்ணுக்குப் பேச்சு நின்னுபோச்சு," என்று கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். "இன்னாடி ஆச்சு? பேசுடி."

பேச வாயெடுத்தேன். அதற்குள் ரெஃபரி குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "பேச முடியுதாம்மா? அப்ப ஏன் பாட்ட உட்ட?"

பேசினால் அணியே வெளியே. தலையை இடமும் வலமும் ஆட்டினேன். அப்படித்தான் நான் ஊமையானேன்.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினாள். "பொண்ணு மௌனமாம்மா? எத்தினி நாளைக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டார் ஆட்டோக்காரர். (மௌனம் என்று அட்டை மாட்டிக்கொண்டு வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றிப் பழகியவர்.)

"எங்க பொண்ணுக்கு எதுக்குப்பா மௌனம்? நீ வேகமா போ," என்ற அம்மா, மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். "அண்ணாமலையாரே, பேச்சு வந்துட்டா இவ பன்னெண்டு பௌர்ணமி மலை சுத்துவா." வேண்டிக்கொண்டது அவள், நடக்க வேண்டியது நான். வழியெல்லாம் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே வந்தாள். வெட்கமாக இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடி விழுமே என்ற பயம்.

டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். "ஒண்ணும் தெரியல. ஒரு ஊசி போட்டுப் பாக்கலாம்," என்றார். நர்ஸ் ஊசியோடு வந்ததும், "வேணாம் சிஸ்டர், எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்," என்று மூச்சு விடாமல் கத்தினேன். அந்த மூச்சில் நாலு புள்ளி எடுத்திருக்கலாம். அம்மா டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சாயங்காலம் சுமதி போன் செய்தாள். நான் இல்லாமல் அரையிறுதி ஆடி, அந்தச் சின்னப் பெண்களிடம் தோற்றுவிட்டார்கள்.

"மேனகா?" என்று கேட்டேன்.

"அவ செமில ஆடவே இல்லடி. அவங்க அக்காவுக்கு வளைகாப்புனு மத்தியானமே ஊருக்குப் பூட்டா."

நான் வாயை மூடிக்கொண்டு தோற்றுக்கொண்டிருந்தபோது, மேனகா கீழ்பென்னாத்தூரில் அக்காவுக்கு வளையல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று நான் அழுத அழுகைக்கு அளவில்லை. உண்மையை அம்மாவிடம் சொல்ல ஒரு வாரம் ஆனது. பயந்தபடி அடி விழவில்லை. ஆனால் மாவட்ட அணியும் இல்லை, அம்மாவின் வாக்கும் இல்லை.

தையில் பெண் பார்க்க வந்தார்கள். காபித் தட்டோடு போய் நிமிர்ந்தால், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவர் தங்கை உட்கார்ந்திருந்தாள். மேனகா. அன்று எனக்கு நிஜமாகவே பேச்சு வரவில்லை. பேரு இன்னாம்மா என்று கேட்கிறார்கள், நான் நிற்கிறேன். அம்மா என் காதோரம், "இப்ப யாருக்குடி பயந்து?" என்றாள்.

அரை மணி நேரம் எதிரே நிற்க நான் பயந்த மேனகாவை இப்போது ஏழு வருடமாக நாத்தனாராக வைத்துக்கொண்டிருக்கிறேன். சண்டை போட்டுவிட்டு நான் பேசாமல் இருந்தால் என் வீட்டுக்காரர் சமாதானம் செய்வதே இல்லை. எனக்குக் கேட்கிற மாதிரி தங்கைக்குப் போன் போடுவார். "மேனகா, உங்கண்ணி பாட்ட உட்டுட்டா. வந்து காலப் புடி."

அவள் பஸ் ஏறுவதற்குள் நான் பேசிவிடுகிறேன்.